மின்மோட்டாரின் பேரிங்குக்கு எத்தனை கிராம் கிறீஸ்?

பெரும்போக வெட்டு முடிந்து நெல் வந்து குவியும் மாசி, பங்குனி மாதங்களில் கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களிலுள்ள அரிசி ஆலைகளின் மோட்டார்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுள் சில, அந்த இரண்டு மாதங்களுக்குள்ளேயே எங்களைப் போன்ற ரிவைண்டிங் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. எரிந்த வைண்டிங்கை, அதாவது கம்பிச் சுருளை, கண்டதும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறை சொல்வதே வழமை. ஆனால் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், கோளாறு, சுழலும் தண்டைத் (ஷாஃப்ட்) தாங்கும் பேரிங்கில் தொடங்கியிருப்பது பல மோட்டார்களில் தெரியவரும். கிறீஸ் காய்ந்து பொருக்காகிப் போன பேரிங்குகளும் அவற்றுள் உண்டு. எனினும், அவற்றைவிட அதிகமாக நான் காண்பது, இடமில்லாத அளவுக்குக் கிறீஸ் திணிக்கப்பட்ட பேரிங்குகளைத்தான். “கிழமைக்கொருக்கா கிறீஸ் அடிச்சித்தான் வாறம்” என்று உரிமையாளர் பெருமையோடு சொல்லும்போது, மோட்டாரைத் திறக்குமுன்பே உள்ளே இருப்பதை என்னால் ஓரளவு ஊகித்துவிட முடிகிறது.

கிறீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பஞ்சு போன்றது. அதன் பெரும்பகுதி எண்ணெய். எஞ்சியது லிதியம் போன்ற ஒரு சோப்பும் சிறிதளவு சேர்மானங்களும். பேரிங் ஓடும்போது அந்தச் சோப்பு சிறிது சிறிதாக எண்ணெயைக் கசியவிட, அது குண்டுக்கும் வளையத்துக்கும் இடையில், தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத ஒரு படலமாக நின்று, உருக்கும் உருக்கும் உரசாமல் காக்கிறது. இந்தப் படலத்துக்குத் தேவைப்படும் எண்ணெய் மிகச் சொற்பம். பேரிங்கைச் சுற்றியுள்ள அறை முழுவதையும் கிறீஸால் நிரப்பிவிட்டால், குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் சேற்று வயலை உழுவதுபோல் அதை உழுதுகொண்டே ஓட வேண்டியிருக்கும். அதனால் வெப்பம் ஏறும். எண்ணெய் இளகிப் பிரிந்து வெளியேறும். சோப்பு மட்டும் தங்கிக் கறுத்து இறுகும். கிறீஸ் கூடினாலும் குறைந்தாலும் முடிவில் கிடைப்பது காய்ந்த பேரிங்தான் என்பதற்குக் காரணம் இதுவே. பேரிங்கின் உட்புறம் முழுவதும் நிரம்பியிருக்கலாம். ஆனால் அதன் இருபக்கமுமுள்ள மூடிகளின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மட்டுமே கிறீஸ் இருக்க வேண்டும்.

இதை நான் படித்து அறியவில்லை. பட்டறையில் பழகுநராக இருந்த காலத்தில், 22 கிலோவாட் மோட்டார் ஒன்றுக்குப் புதிய பேரிங் போட்டுவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து, இரண்டு பக்க மூடிகளையும் விரலால் வழித்து வழித்து நிரப்பினேன். பரீட்சித்துப் பார்த்த அரை மணி நேரமும் அது சத்தமில்லாமல் ஓடியது. ஆலையில் பொருத்தி மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. மூடியைக் கழற்றியபோது, வைண்டிங்கின் முனைச் சுருள்களைச் சுற்றி, ஷாஃப்ட் நுழையும் துளை வழியே உள்ளே தள்ளப்பட்ட கிறீஸ் ஒரு மாலைபோல் படிந்திருந்தது. அதன்மேல் உமித்தூள் ஒட்டி, காற்றுப் போகும் வழி அடைபட்டு, வார்னிஷ் ஊறிப்போய், கீழ்ப்பக்கச் சுருள்கள் இரண்டு கருகியிருந்தன. என் பாஸ் ஒன்றும் பேசவில்லை. அந்த மாலையை ஒரு மரக்குச்சியால் வழித்தெடுத்து, டப்பா ஒன்றில் போட்டு, தராசில் வைத்துக் காட்டினார். அந்தப் பேரிங்குக்குத் தேவைப்பட்டதைப் போல் பல மடங்கு அது.

ஆகவே கிறீஸ் கன்னைக் கையில் எடுக்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த மோட்டாருக்குக் கிறீஸ் அடிக்கத்தான் வேண்டுமா என்று அறிவது. கிணற்றுப் பம்பி, அரைக்கும் மெஷின், சிறிய ஊதுவிசிறி போன்ற ஒன்று, இரண்டு, மூன்று குதிரைவலு மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பவை இருபுறமும் தகட்டாலோ றப்பராலோ மூடப்பட்ட பேரிங்குகள். எண்ணின் பின்னால் இசட்இசட் அல்லது 2இசட் என்று இருந்தால் தகட்டு மூடி; 2ஆர்எஸ் என்று இருந்தால் றப்பர் மூடி. இவற்றுக்குத் தேவையான கிறீஸ் தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டுவிட்டது. றப்பரைக் கத்தி முனையால் நெம்பிக் கிறீஸ் வைத்து மீண்டும் அழுத்திவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நெம்பும்போது அதன் உதடு மடிந்துவிட்டால், பிறகு தூசியைத் தடுக்காது. இத்தகைய பேரிங் சத்தம் போட்டால் புதியதை மாற்றுவதே மலிவு. வெளியிலிருந்து கிறீஸ் அடிப்பதற்கான வாயாகிய நிப்பிள் உள்ள பெரிய மோட்டாராயினும், முன்பு யாராவது மூடிய பேரிங்கைப் போட்டிருந்தால், வெளியிலிருந்து அடிக்கும் கிறீஸால் பயனில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிப்பிள் இருந்தால், அடுத்துப் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படியுங்கள். நல்ல மோட்டார்களில் இரு பக்கப் பேரிங்குகளின் எண்கள், கிறீஸின் வகை, கிராம் கணக்கு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பன அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் கீழே நான் சொல்லும் கணக்குகளை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள். தகடு துருப்பிடித்துப் போயிருந்தால், பேரிங் எண் தெரிந்தாலே போதுமானது. 6310 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 50 மில்லிமீற்றர் என்று வரும். 04 முதல் மேலே இந்தக் கணக்குச் சரியாக இருக்கும். வெளிவிட்டமும் அகலமும் பட்டியலில் கிடைக்கும், அல்லது பழைய பேரிங்கை அளந்துகொள்ளலாம். 6310க்கு வெளிவிட்டம் 110, அகலம் 27.

கிறீஸின் அளவுக்குப் பேரிங் உற்பத்தியாளர்கள் தரும் வாய்பாடு எளியது: வெளிவிட்டத்தை அகலத்தால் பெருக்கி, அதை 0.005ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6310க்கு 110 × 27 × 0.005, அதாவது ஏறத்தாழ 15 கிராம். 6308க்கு 90 × 23 × 0.005, அதாவது 10 கிராமுக்குச் சற்று மேல். 6312க்கு 20 கிராம். கேட்பவர்கள் பெரும்பாலும் “இவ்வளவுதானா?” என்கிறார்கள். பதினைந்து கிராம் என்பது மூன்று தேக்கரண்டிச் சீனியின் நிறைதான்.

ஆனால் கிறீஸ் கன் கிராமில் பேசாது, அடியில் பேசும். அதன் பிடியை ஒருமுறை முழுதாக அழுத்துவதே ஓர் அடி. ஒரு கன் ஓர் அடிக்கு அரைக் கிராம் தள்ளும். இன்னொன்று ஒன்றரைக் கிராம் தள்ளும். ஆகவே உங்கள் கன்னை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது அவசியம். பிளாஸ்டிக் மூடி ஒன்றை, சமையலறையில் பயன்படுத்தும் சிறிய டிஜிட்டல் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கன்னில் காற்று இல்லாமல் கிறீஸ் தொடர்ந்து வரும்வரை சில அடிகளை வேறு இடத்தில் வீணாக்கிவிட்டு, மூடியின்மேல் சரியாக இருபது முழு அடிகள் அடியுங்கள். தராசு 24 கிராம் காட்டினால் ஓர் அடி 1.2 கிராம், 6310க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அடிகள் போதும். இந்த எண்ணைப் பெயின்ற் பேனாவால் கன்னின் உடம்பிலேயே எழுதிவிடுங்கள். மூடியில் விழுந்த கிறீசை வழித்து மீண்டும் டப்பாவில் சேர்க்காதீர்கள். நெல் ஆலையின் காற்றில் ஐந்து நிமிடம் திறந்திருந்த கிறீஸ் சுத்தமான கிறீஸ் அல்ல.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வேகம், வெப்பம், தூசி, ஈரம் ஆகிய நான்கையும் பொறுத்தது. தகட்டில் ஒன்றும் இல்லாதபோது, நமது ஆலைகளின் நடுத்தர அளவு மோட்டார்களுக்கு நான் கடைப்பிடிப்பது, நிமிடத்துக்கு 1500 சுற்று வகுப்பைச் சேர்ந்த, அதாவது தகட்டில் 1450 அல்லது 1470 என்று எழுதப்பட்டிருப்பவற்றுக்கு ஏறத்தாழ 4000 மணி நேரத்துக்கு ஒருமுறையும், 3000 சுற்று வகுப்பைச் சேர்ந்தவற்றுக்கு அதில் பாதியும். இது சற்று முன்னெச்சரிக்கையான கணக்கு. சுத்தமான, குளிர்ந்த இடத்தில் இதைவிட நீண்ட காலம் தாங்கும். பேரிங்கின் வெப்பநிலை 70 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 15 பாகை ஏறும்போதும் கிறீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பேரிங் உற்பத்தியாளர்களின் பொது விதி. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், தகரக் கூரையின் கீழ், நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்கும் மோட்டாருக்கு அந்த விதி வெறும் எழுத்தல்ல. செங்குத்தாகப் பொருத்தப்பட்ட மோட்டாரில் கிறீஸ் தன் பாரத்தாலேயே கீழிறங்குவதால், அதற்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும்.

கிறீஸின் வகையைத் தெரிவதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். உழவு இயந்திரத்துக்கு வாங்கிய டப்பாவே மோட்டாருக்கும் போகிறது. உழவு இயந்திரத்தின் மெதுவான, பாரமான மூட்டுகளுக்காகச் செய்யப்பட்ட, மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ் மின்மோட்டாருக்கு உகந்ததல்ல. மோட்டாருக்கு வேண்டியது என்எல்ஜிஐ 2 என்ற இறுக்கமும், 40 பாகையில் ஏறத்தாழ 100 சென்டிஸ்டோக் பாகுத்தன்மையுள்ள அடிப்படை எண்ணெயும் கொண்ட கிறீஸ். இந்த எண்கள் டப்பாவிலோ அதன் தரவுத்தாளிலோ இருக்கும். லிதியம் சோப்பில் எஸ்கேஎஃப் எல்ஜிஎம்டி 2 இத்தகையது. மொபில் பொலிரெக்ஸ் ஈஎம் என்ற நீல நிறக் கிறீஸ், சோப்புக்குப் பதிலாகப் பொலியூரியா என்ற பொருள் எண்ணெயைப் பிடித்திருக்கும் வகையைச் சேர்ந்தது, மோட்டாருக்கென்றே செய்யப்பட்டது. இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டையும் ஒரே பேரிங்கில் கலப்பது கூடாது. லிதியமும் பொலியூரியாவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கலந்தால் சோப்பின் பிடி தளர்ந்து கூழாகி ஒழுகும், சில வேளை இறுகிப் போகும். நிறத்தைக் கொண்டு வகையைத் தீர்மானிக்கவும் முடியாது, ஏனெனில் நிறம் பெரும்பாலும் உற்பத்தியாளர் சேர்க்கும் சாயமே. உள்ளே இருப்பது என்ன வகை என்று அறிய வழியில்லாத மோட்டாரைத் திறந்து, கழுவி, புதிதாகத் தொடங்குவதே என் வழக்கம்.

இனி வேலை. கூடுமானவரை மோட்டார் ஓடிச் சூடாக இருக்கும் வேளையைத் தெரிவுசெய்யுங்கள். சூட்டில் பழைய கிறீஸ் இளகி வெளியேறும். ஓடும்போதே அடிக்கலாம் என்று பல உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் நமது ஆலைகளில் நிப்பிளுக்கு ஒரு முழத் தூரத்தில், காவல் தகடு இல்லாத பெல்ட் ஓடுவது சாதாரணம். அத்தகைய இடத்தில், அதுவும் சாரம் உடுத்தபடி, ஓடும் மோட்டாரின் அருகே குனிவது மடமை. பிரேக்கரை இறக்கி, யாரும் தொடாதபடி பூட்டோ எழுத்தோ வைத்துவிட்டு, நின்ற மோட்டாரின் ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சுற்றி அடித்தாலும் கிறீஸ் பரவும்.

நிப்பிளையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுத்தமான சீலைத் துண்டால் துடையுங்கள். நிப்பிளின்மேல் பெயின்ற் பூசப்பட்டிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டிய தூள் உள்ளே போனால் அது மணலுக்குச் சமம். அடுத்து, பேரிங் மூடியின் கீழ்ப்பக்கத்தில் உள்ள வடிகால் திருகாணியைக் கழற்றுங்கள். மிகப் பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இதுதான். அந்தத் துளையில் ஆண்டுக்கணக்கான பழைய கிறீஸ் இறுகி அடைத்திருக்கும். வளைத்த கம்பி ஒன்றால், பேரிங்கில் முட்டாமல், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். வழி திறக்காமல் மேலிருந்து தள்ளினால் பழைய கிறீஸ் போகக்கூடிய ஒரே திசை மோட்டாரின் உட்புறம்தான். என் கதையில் வந்த மாலை அப்படித்தான் உருவானது.

கணக்கிட்ட அடிகளை மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நொடிகள் விட்டு அடியுங்கள். கை வழமைக்கு மாறாக இறுகினால் நிறுத்திவிடுங்கள். கைக் கிறீஸ் கன்னால் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தைத் தர முடியும். பேரிங்கில் தகட்டு மூடி இருந்தால், அந்த அழுத்தம் அதை உள்ளே வளைத்துக் குண்டுகளின்மேல் உரசச் செய்துவிடும். கணக்கு முடிந்ததும், வடிகாலில் ஒன்றும் வராவிட்டாலும், அதற்கு மேல் அடிக்க வேண்டாம். வடிகாலைத் திறந்தபடியே வைத்து, மோட்டாரை அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓடவிடுங்கள். மிகுதிக் கிறீஸ் நாக்கு நீட்டுவதுபோல் கொஞ்சம் வெளியே வரும். சில வேளை வராது. பிறகு துடைத்துத் திருகாணியைப் பூட்டுங்கள். வெளியே வந்த கிறீசை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மினுமினுப்பான உலோகத் துகள் தெரிந்தால் வளையம் உரிகிறது என்று பொருள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துக் கருகல் மணம் வந்தால் சூடேறியிருக்கிறது.

புதுக் கிறீஸ் பரவும்வரை பேரிங்கின் சூடு சற்று ஏறுவது இயல்பு. சில மணி நேரத்தில் அது பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கிறீஸ் கூடிவிட்டது. மூடியின்மேல் வைத்த உள்ளங்கையைச் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் ஏறத்தாழ 60 பாகை என்று கொள்ளலாம். அது மட்டும் ஆபத்தின் அறிகுறி அல்ல. நேற்று அளந்ததைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே முக்கியம். ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் மூடியிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்கும் பழைய முறைக்கு இன்றும் மதிப்புண்டு. நல்ல பேரிங் ஒரே சீரான மெல்லிய இரைச்சலைத் தரும். காய்ந்தது கீச்சிடும், கிறீஸ் அடித்தவுடன் கீச்சு அடங்கும். உறுமலோ சீரான இடைவெளியில் டக்டக்கென்ற ஒலியோ கேட்டால் குழி விழுந்துவிட்டது, கிறீஸால் அது ஆறாது. கீச்சு அடங்கி ஓரிரு நாளில் மீண்டும் வந்தாலும் பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழையதைப் புல்லரால் இழுத்தெடுங்கள். மூடிகளையும் கிறீஸ் வழிகளையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். கழுவிய பேரிங்கைக் கம்பிரசர் காற்றால் ஊதிச் சுழலவிட்டு விளையாடும் பொடியன்மாரைத் தடுத்து நிறுத்துங்கள், எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து குண்டு தெறிக்கும். புதிய பேரிங்கை நிறுவும் நேரம்வரை உறையிலிருந்து பிரிக்க வேண்டாம். அதிலுள்ள காப்பு எண்ணெயைக் கழுவவும் தேவையில்லை. திறந்த பேரிங்கானால் 110 பாகை வரை சூடாக்கினால் உள்வளையம் விரிந்து ஷாஃப்டில் தானே இறங்கும். 120 பாகையைத் தாண்டக் கூடாது. வெல்டிங் சுவாலையைக் காட்டவே கூடாது. கிறீஸோடு மூடிவரும் பேரிங்கை 80 பாகைக்கு மேல் சூடாக்கவோ எண்ணெயில் அமிழ்த்தவோ கூடாது. தட்டித்தான் இறக்க வேண்டும் என்ற நிலை வந்தால், உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் பள்ளம் போடும். மோட்டாருக்கு சி3 என்று குறித்த பேரிங் இருந்திருந்தால் சி3யையே கேட்டு வாங்குங்கள். சூட்டில் விரிவதற்காகக் கூடுதல் இடைவெளியோடு செய்யப்பட்டது அது. பிறகு, திறந்த பேரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து, குண்டுகளுக்கிடையே கட்டைவிரலால் அழுத்தி, மறுபக்கத்தில் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை நிரப்புங்கள். மூடியில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

கரையோரத்துக்கு மட்டும் உரிய சில பாடங்கள் உண்டு. வாழைச்சேனைத் துறைமுகப் பக்கத்திலுள்ள ஐஸ் ஆலைகளின் மோட்டார்களும், வாவியோரத்து இறால் பண்ணைகளின் காற்றூட்டிகளும் உப்புக் காற்றிலேயே வாழ்கின்றன. அங்கே, ஓடும் மோட்டாரைவிட நிற்கும் மோட்டார்தான் விரைவில் கெடுகிறது. சூடாறும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்து, குண்டு தொடும் கோட்டில் துருவை விதைக்கிறது. இத்தகைய இடங்களில் கல்சியம் சல்ஃபனேற் கிறீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும். பழையதைக் கழுவிய பின்பே அதற்கு மாற வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தின் பின் பட்டறைக்கு வந்த மோட்டார்களில், வைண்டிங்கை மட்டும் வெயிலில் உலர்த்தி ஓடவிடப்பட்டவை சில மாதங்களில் உறுமிக்கொண்டு திரும்பி வந்தன. வெள்ளம் மூடிய மோட்டாரின் பேரிங்கைக் காப்பாற்ற முயல்வது வீண், மாற்றிவிடுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களின் நீரிறைக்கும் மோட்டார்கள், பருவம் முடிந்து மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது, மாதம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விட வேண்டும்.

இறுதியாக, பெல்ட் பக்கப் பேரிங் மட்டும் திரும்பத் திரும்பக் கெட்டால் கிறீசைக் குற்றம் சொல்லாமல் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிய மோட்டாரில், கழற்றிய வளையத்தில் சலவைப் பலகைபோல் நெருக்கமான வரிகள் தெரிந்தால், பேரிங் ஊடாக மின்சாரம் பாய்கிறது. அதற்கு மருந்து மின்காப்புள்ள பேரிங்கும் ஷாஃப்டுக்கான புவித் தொடுப்பும்தான், கிறீஸ் அல்ல. இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எப்போது, எதை, எவ்வளவு இட்டோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் ஆலைக் கந்தோரில் தொலைந்துபோகும். ஆகவே நான் மோட்டாரின் உடம்பிலேயே, நிப்பிளுக்குப் பக்கத்தில், பெயின்ற் பேனாவால் இப்படி எழுதிவிடுகிறேன்: “6310 சி3, லிதியம், 15 கிராம், 13 அடி”, அதன்கீழே திகதியும் அன்றுவரை ஓடிய மணிக் கணக்கும்.